வாங்கிய கல்விக் கடனும் கிறிஸ்தவனின் மனச்சாட்சியும்



ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினந்தோறும் காலையில் பஸ்ஸேறி, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தகப்பனாரைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒருவரையும் ஏமாற்றி அறியாத மனுஷர். மளிகைக் கடையில் பாக்கி வைத்தால் சம்பள நாளன்றே அதைக் கொடுத்துவிட்டுத்தான் வீடு சேருவார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாகப் பஸ் நிலையத்துக்குப் போகையில் வங்கி இருக்கும் தெருவை விட்டு, தேர்வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். ஞாயிறு பூசைக்கு வந்தாலும் வாசற்படியருகே நின்று, பூசை முடியுமுன்னே மறைந்துவிடுவார். காரணம் கேட்டபோது முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது வங்கி அனுப்பிய நோட்டீசு. மகன் பொறியியல் படிக்க வாங்கிய கடனில் பல தவணைகள் பாக்கி என்றும், கூடக் கையெழுத்திட்டவர் என்ற முறையில் தகப்பனாரும் அதைக் கட்டக் கடமைப்பட்டவர் என்றும் அதில் எழுதியிருந்தது.

மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். சம்பளம் பெரிதல்ல, ஆனாலும் சம்பளம் உண்டு. முதலில் இரண்டு தவணை தவறியது. வங்கியிலிருந்து போன் வந்தது; எடுக்க வெட்கப்பட்டான். பிறகு அந்த எண்ணைக் கண்டாலே எடுப்பதில்லை. கடைசியில் தன் எண்ணையே மாற்றிக்கொண்டான். இதற்கிடையில் அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்ஸிங் படிக்கக் கடன் கேட்டு அதே வங்கிக்குப் போனாள். வீட்டில் ஏற்கனவே ஒரு கணக்கு வாராக்கடனாய் நிற்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இவர்கள் கெட்ட குடும்பத்தாரல்லர். ஆகையால்தான் இதை எழுதுகிறோம். கெட்டவர்களுக்குப் பிரசங்கம் செய்வது எளிது. நல்லவர்கள், வெட்கத்தினாலும் பயத்தினாலும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பலினாலும் அநீதியில் விழுவதுதான் நம்மைக் கலங்கச் செய்கிறது.

பழைய ஏற்பாட்டிலே, எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஒரு கைம்பெண் அழுதுகொண்டு வந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புருஷன் இறந்துபோனான், கடன் நிற்கிறது, கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். வீட்டில் இருந்தது ஒரு கலயம் எண்ணெய் மாத்திரம். அண்டை வீட்டாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வார்க்கும்படி தீர்க்கதரிசி சொன்னார். அவள் வார்த்தாள், கொண்டுவந்த பாத்திரங்களெல்லாம் நிறைந்தன. அதன்பின் அவர் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். எண்ணெயை விற்க வேண்டும். முதலில் கடனைக் கட்ட வேண்டும். மீதியில் அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். சர்வேசுரன் செய்த அற்புதத்தின் முதல் பங்கு கடன் கொடுத்தவனுக்குப் போயிற்று! புதுமையால் வந்த பணமானாலும் கடனுக்குப் பிறகே மற்றவை.

அந்தக் காலத்தில் தகப்பனுடைய கடனுக்காகப் பிள்ளைகளைப் பிடிக்க வந்தார்கள். இந்தக் காலத்தில் நம் ஊரிலே பிள்ளையின் கடனுக்காகத் தகப்பன் தெரு மாறி நடக்கிறான். இது நியாயமா என்று ஒவ்வொரு பட்டதாரியும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது, இது யாருடைய பணம் என்று யோசிப்போம்.

படிப்பதற்குக் கடன் என்பது நேற்று வந்த புதுமையல்ல. இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில் 1240-ஆம் ஆண்டிலேயே, லிங்கன் மேற்றிராணியாராயிருந்த ராபர்ட் குரோஸ்தெஸ்த் ஆண்டவர், ஏழை மாணவருக்குக் கடன் கொடுப்பதற்கென்று ஒரு பணப்பெட்டிக்கு ஒழுங்குகள் ஏற்படுத்தினார். அந்நகரின் பாதுகாவலியான அர்ச். பிரித்ஸ்வீதாவின் பெயரால் அது வழங்கிற்று. மாணவன் தன் புத்தகத்தையோ வேறு பொருளையோ ஈடு வைத்து, வட்டியில்லாமல் பணம் எடுத்துக்கொள்வான். தவணைக்குள் திருப்பிக் கொடுத்து ஈட்டை மீட்டுக்கொள்வான். பின்னால் தர்மவான்கள் அநேகர் இப்படிப்பட்ட பெட்டிகளை அங்கே ஏற்படுத்தினார்கள். அந்தப் பெட்டியின் இரகசியம் ஒன்றுதான். ஒருவன் எடுத்ததைத் திருப்பிப் போட்டால்தான் அடுத்தவன் கை விட்டு எடுக்க முடியும். போடாமற்போனவன் மேற்றிராணியாரை ஏமாற்றவில்லை. மறுவருஷம் வாசலில் வந்து நிற்கப்போகிற, தன்னைப் போன்ற ஓர் ஏழை மாணவனையே ஏமாற்றினான்.

நம் தேசத்தில் 2001-ஆம் ஆண்டு இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. அதைப் பின்பற்றும்படி ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு அறிவித்தது. 4 லட்சம் ரூபாய் வரையில் சொத்து ஈடு வேண்டாம், மாணவன் கையிலிருந்து முன்பணம் போடவும் வேண்டாம், பெற்றோரின் கையெழுத்துப் போதும் என்பது அதில் ஒரு முக்கியமான ஏற்பாடு. நிலமில்லாதவன் மகனும், சூளைத் தொழிலாளி மகளும், முந்திரிக் கொட்டை உடைக்கும் தாயின் பிள்ளையும் கல்லூரிப் படியேற வழி உண்டாயிற்று. ஆனால் வங்கி என்ற பெட்டியில் இருப்பது என்ன? ஓய்வூதியக்காரரின் டெபாசிட்டும், மகள் கல்யாணத்துக்கென்று மாதாமாதம் கட்டுகிற சேமிப்பும், மகளிர் குழுவின் சிறு தொகையுமே அதில் இருக்கின்றன. ஈடில்லாமல் கொடுத்த பணம் என்றால் என்ன அர்த்தம்? உன் வார்த்தையையே ஈடாக ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஆக்ஸ்போர்டு மாணவன் புத்தகத்தை வைத்தான். நீ உன் நாணயத்தை வைத்தாய். அதை மீட்டுக்கொள்ள வேண்டாமா?

நம் தமிழிலே கடன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வாங்கினதும் கடன்; செய்ய வேண்டியதும் கடன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பாவப் பொறுத்தலைக் கேட்கிற இடத்தில், மத்தேயு சுவிசேஷத்தின் மூலத்திலும், நம் முன்னோர் பூசையில் கேட்ட இலத்தீன் ஜெபத்திலும் கடன் என்ற சொல்லே நிற்கிறது. சர்வேசுரனிடம் நமது கடன்களைப் பொறுக்கும்படி தினமும் கேட்கிற நாம், மனிதரிடம் வாங்கின கடனைப் பற்றி அசட்டையாயிருக்கலாமோ?

இரண்டாவது, நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகளைப் பார்ப்போம்.

கோடி கோடியாக வாங்கினவர்கள் கட்டாமல் கப்பலேறிப் போகிறார்கள், என் சிறு கடன்தானா பெரிசு என்பார் சிலர். அவர்கள் செய்வது பெரிய அநீதி. அதற்கு அவர்கள் நியாயத்தீர்வையில் உத்தரவாதம் சொல்வார்கள். ஆனால் ஏழாம் கற்பனையில் தொகை குறித்திருக்கவில்லை. அயலான் வீட்டில் நெருப்புப் பிடித்தால் உன் கூரையைக் கொளுத்திக்கொள்வாயா?

தள்ளுபடி வரும், பொறுத்திருப்போம் என்பார் வேறு சிலர். தேர்தல் தோறும் இந்தப் பேச்சு எழும்புகிறது. அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டோர் அரசாங்கத்துக்குக் கல்விக்கடன் செலுத்த வேண்டியவர்கள். அங்கே 2022-ஆம் ஆண்டு ஒரு பெரிய தள்ளுபடித் திட்டத்தை ஜனாதிபதியே அறிவித்தார்; 2023 ஜூன் 30-ந் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்த்துவிட்டது. தள்ளுபடி மெய்யாகவே வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம், அதில் பாவமில்லை. வரும் என்று நம்பிக் கட்டாமலிருந்தால், வருமுன்னே வட்டி வந்துவிடும்.

வட்டி வாங்குவதே தகாதே, வட்டியை நான் ஏன் கட்ட வேண்டும் என்று வேதம் படித்த ஒருவர் கேட்டார். ஏழையை உறிஞ்சும் அநியாய வட்டியைத் திருச்சபை எக்காலமும் கண்டித்து வருகிறது. ஆனால் இத்தாலியாவில் பெருஜியா நகரில் 1462-ஆம் ஆண்டு அர்ச். பிரான்சிஸ்கு சபைக் குருக்களின் முயற்சியால் ஏழைகளுக்கென்று அடகு நிதி தொடங்கியபோது, அதை நடத்தும் செலவுக்காகச் சிறு தொகை வாங்குவது நியாயமா என்ற கேள்வி எழும்பிற்று. 1515-ஆம் ஆண்டு ஐந்தாம் லாத்தரன் சங்கத்தில் பத்தாம் சிங்கராயர் பாப்பானவர் அது நியாயமே என்று தீர்த்தார். கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட மிதமான வட்டியைக் கட்ட மறுப்பதற்கு வேதத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது, அவள் படிப்புக்கடன் அவள் தகப்பனார் பாடு என்று சொல்கிற புருஷர் வீட்டாரும் நம்மிடையே உண்டு. அந்தப் படிப்பால் வருகிற சம்பளம் மாத்திரம் உங்கள் வீட்டுக்கு வேண்டும்; அந்தப் படிப்பின் கடன் மாத்திரம் கிழவர் தலையில் இருக்க வேண்டுமோ? மாப்பிள்ளைமாரே, மாமியார்மாரே, இது மறைமுகமாய் வாங்கும் வரதட்சணை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நமது ஆண்டவரே படிப்பித்திருக்கிறார். அநேகர் கடனைக் கட்டாததற்குக் காரணம் துஷ்டத்தனமல்ல, கணக்குத் தெரியாமையே.

நாலு வருஷப் படிப்புக்கு, வருஷ ஆரம்பத்தில் 1 லட்சமாக 4 லட்சம் வாங்கினதாக வைத்துக்கொள்வோம். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்காக நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிக்கிற காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. அது தனிவட்டியாய் ஏறி, ஐந்தாம் வருஷ முடிவில் 1,40,000 ரூபாய் ஆகும். அது அசலோடு சேர்ந்து கடன் 5,40,000 ஆகிறது. அதைப் பத்து வருஷத்தில் கட்ட மாதம் சுமார் 7,136 ரூபாய் வரும். வட்டியை அப்போதைக்கப்போது கட்டியிருந்தால் 5,286 ரூபாயோடு போயிருக்கும்.

முதல் மாதம் நீ கட்டும் 7,136 ரூபாயில் 4,500 வட்டிக்கே போகும். அசலில் குறைவது 2,636 மாத்திரம். ஆகவே இரண்டு வருஷம் கட்டியும் கடன் குறையவில்லையே என்று மனம் தளராதே. வருஷம் போகப் போக வட்டி குறைந்து அசல் வேகமாய்க் கரையும். மாதம் 1,000 ரூபாய் கூடுதலாய்க் கட்டினால் 120 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 97 மாதத்தில் முடியும். மாறும் வட்டியில் தனி மனிதர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டு கட்டளையிட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்குப் பதிலாகப் பதினைந்து வருஷம் கேட்டால் மாதத் தவணை சுமார் 5,803 ஆகக் குறையும். ஆனால் முடிவில் 1,88,000 ரூபாய்க்குமேல் அதிகம் கட்டியிருப்பாய். முடியாதவனுக்கு அது உதவி. முடிகிறவனுக்கு அது நஷ்டம்.

அரசாங்கம் தரும் உதவியையும் கைவிட வேண்டாம். 2009-ஆம் கல்வியாண்டு முதல், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்கு மேற்படாதவர்கள் தொழிற்கல்விக்கு வாங்கிய கடனில், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசாங்கமே ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வருமானச் சான்றிதழைத் தக்க சமயத்தில் வங்கியில் கொடாததால் இந்த உதவியை இழந்தவர்கள் உண்டு. ஒரு காகிதத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு இரண்டு நடை நடக்கச் சோம்பினதன் விலை ஒரு லட்சத்துக்கும் மேல்!

தொண்ணூறு நாள் தவணை நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் என்று எழுதப்படும். அந்தக் கறை மாணவன் பெயரில் மாத்திரமல்ல, கூடக் கையெழுத்திட்ட தகப்பன் பெயரிலும், தாயின் பெயரிலும் கடன் பதிவேட்டில் விழும். மேலே சொன்ன தங்கை வெறுங்கையாய்த் திரும்பினது இதனால்தான்.

விருத்தாசலத்தில் சூளை வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பச்சை மண் பாண்டத்துக்கு ஒரே மூச்சில் நெருப்பேற்றினால் வெடித்துப்போகும். மெள்ள மெள்ளச் சூடேற்றினால் கெட்டிப்படும் என்பார்கள். கடனும் அப்படியே. ஒரே நாளில் அடைத்துவிடுவேன் என்று வீம்பு பேசி, மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கிக் கடனை அடைக்கிறவன் வெடித்துப்போகிறான். மாதம் தவறாமல் சிறுகக் கட்டுகிறவன் உறுதிப்படுகிறான். சம்பளம் வந்த அன்றே தவணை போகும்படி ஏற்பாடு செய்துவிடு. புது போனும் மோட்டார் சைக்கிளும் பிறகு வரட்டும். இதையும் துணிந்து சொல்லுகிறோம்: கடன் தவணையை நிறுத்திவிட்டுத் திருவிழாவுக்குப் பெரிய நன்கொடை கொடாதே. பிறருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொண்டு சர்வேசுரனுக்குக் காணிக்கை வைப்பது அவருக்குப் பிரியமல்ல. கோயிலுக்குப் பத்து ரூபாய் போடு. வங்கிக்குத் தவணையைக் கட்டு. அதுவே அந்த மாதத்தில் உன் நல்ல காணிக்கை.

நான்காவது, மெய்யாகவே முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை.

வேலை கிடைக்கவில்லை, கிடைத்த வேலையில் பன்னிரண்டாயிரம் சம்பளம், அறை வாடகைக்கும் சோற்றுக்கும் அது சரியாய்ப் போகிறது. இப்படிப்பட்டவன் பாவியோ? அல்லன். கட்ட மனதுள்ளவன், கட்ட வகையில்லாதபோது, அந்தக் காலத்துக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்குப் பெறுகிறான் என்பது திருச்சபையின் நீதி சாஸ்திரிகள் ஒருமிக்கச் சொல்லும் தீர்ப்பு. கடன் அழிந்துபோவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. வகை வந்தவுடன் கட்ட வேண்டும். அதுவரையில் கட்டும் மனதை விடலாகாது. கட்டும் மனதுக்கு அடையாளம் என்ன? ஒளியாதிருப்பதே! வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே, வேலையில்லாக் காலத்துக்காக ஆறு மாதம் வரையில் தவணையைத் தள்ளிவைக்கவும், தவணைக் காலத்தைப் பதினைந்து வருஷம் வரை நீட்டவும் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். போனை எடுக்காதவனுக்குக் கிடைக்காது. உள்ளதைச் சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடு. இரண்டாயிரம்தான் முடியும் என்றால் அந்த இரண்டாயிரத்தைக் கட்டு.

கடன் வாங்குகையில் கையை முத்தமிட்டுத் தாழ்ந்து பேசுகிறவன், கட்டும் நாளில் காலத்தின் மேல் குறை சொல்லுகிறான் என்று சீராக்கின் ஞான ஆகமம் நெடுங்காலத்துக்கு முன்னே மனுஷ சுபாவத்தைக் காட்டியிருக்கிறது. ஆனால் அதே அதிகாரம், இல்லாதவனுக்கு உதவும்படியும் அவனைக் காக்க வைக்காதபடியும் கடன் கொடுக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லுகிறது. ஆகையால் வசூலிக்கிறவர்களும் கேட்கட்டும். பெரிய கடனை அரசனிடம் பொறுத்தல் பெற்று வெளியே வந்த ஊழியன், தனக்குச் சிறு கடன்பட்ட உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்த உவமையை நமது ஆண்டவர் சும்மா சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டு மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, கல்விக்கடன் வசூல் நெருக்கடியில் மனமுடைந்து உயிரை விட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்தோம். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. வாலிபரே, அப்படியொரு நினைவு உங்களுக்கு எழும்பினால் அந்த நிமிஷமே ஒருவரிடம் சொல்லுங்கள். நடு இரவானாலும் குருவானவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் கேட்கும் காது உண்டு.

வசூல் செய்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடலாகாது, மிரட்டலாகாது, அவமானப்படுத்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மறுபடியும் கண்டிப்பாய் அறிவித்தது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. கடன்பட்டவன் கடமை உள்ளவன், மானமில்லாதவன் அல்லன்.

ஐந்தாவது, பெற்றோர்களே, இனிமேல் கடன் வாங்கப்போகிறவர்கள் நீங்கள். எதிர்வீட்டுப் பிள்ளை சேர்ந்த கல்லூரி என்பதற்காகவும், தரகர் சொன்னார் என்பதற்காகவும் கையெழுத்திடாதீர்கள். இந்தப் படிப்பு முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள், அதில் மாதத் தவணை போனால் என்ன மிஞ்சும் என்று முதலில் விசாரியுங்கள். விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் பயிலகம் உண்டு. சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசாங்க நிர்வாகத்துக்கு வந்திருக்கிறது. குடும்பத்தில் முதலாவதாய்ப் பட்டம் படிக்கிறவருக்கு, கலந்தாய்வின் வழியாய்த் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கின. இவைகளையெல்லாம் கேட்டுப் பார்த்தபின், மீதிக்கு மாத்திரம் கடன் வாங்குங்கள்.

கடைசியாய், நாம் எல்லோரும். அந்தக் கைம்பெண்ணின் புதுமையில் அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு இருந்ததைக் கவனித்தீர்களா? அவர்கள் பணம் கொடுக்கவில்லை. வெறும் பாத்திரம் கொடுத்தார்கள். பாத்திரம் இருந்த மட்டும் எண்ணெய் ஓடிற்று. பாத்திரம் தீர்ந்தபோது நின்றது. நம்மிலும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் உண்டு. கம்பெனியில் ஆள் எடுக்கும்போது சொல்லிவிடக் கூடியவர்கள் உண்டு. ஞாயிறு பூசைக்குப் பிறகு அரைமணி நேரம் இருந்து, நோட்டீசு வந்தவர்களுக்கு அதை வாசித்து விளக்கி, பதில் எழுதிக் கொடுங்கள். அதுவே நீங்கள் இரவல் கொடுக்கும் பாத்திரம்.

முதலில் சொன்ன தகப்பனார் என்னவானார் என்று கேட்பீர்கள். பாஸ்குத் திருநாளுக்கு மகன் ஊருக்கு வந்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நின்ற வாலிபருக்கு நடுவில் அவனும் நின்றான்; அங்கே சொன்னது சர்வேசுரனுக்குத் தெரியும். திங்கட்கிழமை தகப்பனும் மகனும் சேர்ந்து வங்கிக்குப் போனார்கள் என்பது மாத்திரம் நமக்குத் தெரியும். மானேஜர் அவர்களை உட்காரச் சொன்னாராம். ஓடிப்போனவன் திரும்பி வந்தான் என்பதே அவருக்குப் பாதிக் கடன் வந்தாற்போல் இருந்ததாம். பாக்கித் தவணைகளைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தார். மகன் சென்னையில் அறையை விட்டு, நான்கு பேர் சேர்ந்து தங்கும் இடத்துக்கு மாறியிருக்கிறான். இதுவரை தவணை தவறவில்லை. தங்கையின் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். தகப்பனார் இப்போது வங்கித் தெரு வழியாகவே பஸ் நிலையத்துக்குப் போகிறார்.

இளைஞனே, உன் மேசை மேல் திறக்காமல் கிடக்கும் கடிதத்தை இன்றைக்கே திற. எடுக்காத போனை நாளைக் காலையில் நீயே கூப்பிடு. உன் கடன் ஒரு நாளில் தீராது. உன் ஒளிப்பு ஒரு நாளில் தீரும்.

தச்சுப் பட்டறையில் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் நமக்கு நேர்மையான உழைப்பைப் பெற்றுத் தருவாராக. கோணான்குப்பத்திலே நம் மக்கள் பெரியநாயகி என்று அழைத்து வணங்கும் தேவமாதா, கடனால் கலங்கும் தகப்பன்மாரையும் பிள்ளைகளையும் தம் முந்தானையின் கீழ் வைத்துக் காப்பாற்றுவாராக. ஆமென்.